மகளுக்காக நான் போட்ட மதிப்பெண்

என் மகளின் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை பார்க்கும் சென்சார் எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். மகள் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போயிருந்தாள்.

"சேச்சி, மோள் வாறதுக்குள்ள நீங்க எழுதினாலும் போரும்" என்றாள் நர்ஸ்.

எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன்.

ஏன் போட மாட்டேன்? ஒன்பது வயதில் அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து தினமும் நாலைந்து தடவை அவள் விரலைக் குத்தியவள் நான். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்திருப்பாளோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். இப்போது அவள் கல்லூரியில் இருக்கும்போதே அவளுடைய சர்க்கரை என் போனில் வந்துவிடுகிறது. நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே பார்ப்பேன். எண் ஏறினால் உடனே கூப்பிடுவேன்.

"மக்கா, என்னது தின்ன?"

"கிளாஸ்ல இருக்கேன். ஒண்ணும் தின்னல்லம்மா."

"பொய் சொல்லாத. இருநூத்தி அறுபது காட்டுது. பழம்பொரியா?"

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் சர்க்கரை தெரியும். எங்கள் ஊர் திருப்புறத்திலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கும் காட்டுவேன். நல்ல அம்மா என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக் குளிர்ந்துபோனேன். வெட்கமாக இருக்கிறது இப்போது.

ஒருநாள் போனில் எண் வரவில்லை. சென்சார் பிய்ந்து போயிற்று, புதியது கிடைக்கும் வரை மீட்டரில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சாயங்காலம் வந்து, "விரலக் குத்திப் பாத்துட்டுதான் வாறேன். நூத்தி இருபதாக்கும்" என்பாள். மறுநாள் நூற்றுப் பத்து. அதற்கடுத்த நாள் நூற்று முப்பது. மகள் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வாயில் அழுகிய பழ வாடை. ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனபோது சத்தம் போட்டு அழுதேன். அவசரப் பிரிவில் டாக்டர் அவள் மீட்டரை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எட்டு நாளில் ஒரு சோதனைகூட அதில் இல்லை. இன்சுலினும் பாதி நாள் போடவில்லையாம். எல்லா எண்ணும் எனக்காகச் சொன்னவை. சென்சாரைப் பிய்த்தவளும் அவள்தான்.

ஐந்து நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அதே நர்ஸ் அதே மாதிரி தாளோடு வந்தாள். இந்தத் தடவை மகளே கை நீட்டி வாங்கினாள். ஊசி ஏற்றிய கையாலேயே எழுதினாள். சென்சாருக்கு ஐந்துதான் போட்டிருந்தாள். மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா என்பதற்கும் ஆம். அடியில், வேறு கருத்துகள் என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி:

'அம்மாவின் போனில் வராமல் செய்ய முடியுமா?'

நர்ஸ் அதைப் படித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "மோளுக்குப் பதினெட்டு ஆச்சுல்லா, சேச்சி" என்றாள்.

வீட்டுக்கு வந்து புது சென்சார் ஒட்டினோம். முதல் சென்சார் ஒட்டியபோது அதன் ஆப்பில் அவள் கணக்கை நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. அன்றே கேட்டாள்.

"போன்லேருந்து எடுத்தியாம்மா?"

"எடுத்தாச்சு மக்கா."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆறு மாதம் ஆகிறது. நான் ஒருமுறைகூட அவளைக் கூப்பிட்டு என்ன தின்றாய் என்று கேட்கவில்லை. இதை எழுதும்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள். நூற்று நாற்பத்திரண்டு.