ஓரகத்தியின் லேப்டாப்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விஷயம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பரமத்தி வேலூரில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். மாமனாருக்குப் பட்டா நகல் எடுப்பது, என் கணவரின் வாழைத்தோப்புக்குச் சொட்டுநீர் விண்ணப்பம் போடுவது எல்லாம் என் வேலை. கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்த பிறகும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது.

அவள் படித்தது பி.காம். கட்டப்போகிற வீடு எப்படி இருக்கும் என்று நிஜம்போலக் காட்டும் த்ரீடி படங்கள் போட, வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டது நான் கொடுத்த பழைய லேப்டாப்பில். கரூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் இஞ்சினியர்கள் அவளைத் தேடத் தொடங்கியதும், அந்தப் படங்களுக்கு கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் பெரிய லேப்டாப்தான் சரிப்படும் என்று கொழுந்தனார் சேலத்துக்குப் போய் வாங்கிவந்தார். கீபோர்டுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடும். வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு மாமனார் அதைக் காட்டினார். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். அதை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். லேப்டாப் படத்தை உருவாக்கி முடிக்கிற நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது, திரும்ப வரும்போது டிஸ்ப்ளே டிரைவர் நின்றுவிட்டதாக ஒரு செய்தி வருகிறது, மூன்று நாளாக இதே கதை என்றாள். வருகிற புதன்கிழமை வீடு கட்டப்போகிற ஒரு பார்ட்டி படத்தைப் பார்க்க வருகிறார்களாம்.

எனக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது. சூடு சரியாகவே இருந்தது. பழுதுகளைக் குறித்துவைக்கும் பட்டியலில் முதல் தடவை கறுத்தது போன புதன்கிழமை. திரையையும் படங்களையும் இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் தானாகவே அப்டேட் ஆகியிருந்ததும் அதே புதன்கிழமை. புதிய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டால் தீர்ந்தது. என் மாணவர்களே செய்துவிடுவார்கள்.

பக்கத்தில் நின்றிருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். திரையில் அவள் பாதி முடித்த வீடு இருந்தது. படிக்கட்டில் விழுந்த வெயில்கூட அத்தனை இயல்பாக இருந்தது. வாயில் தானாக வந்தது.

"கிராபிக்ஸ் கார்டே போயிருச்சாட்ட இருக்குது சாமி. சேலத்துக்குத்தான் கொண்டுபோகோணும்."

சரிங்க்கா என்று மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குச் சமையல் எனக்கு நன்றாக வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை அவள் மட்டும் பஸ்ஸில் சேலத்துக்குப் போனாள். கொழுந்தனாருக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. சர்வீஸ் கடையில் பத்து நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். விட்டுவிட மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் சார்ட் பேப்பரை விரித்து, பென்சிலால் அதே வீட்டை வரைந்துகொண்டிருந்தாள். புதன்கிழமைக்கு இதையாவது காட்டலாம் என்று.

டம்ளரோடு பின்னால் நின்று பார்த்தேன். ஸ்கேல்கூட வைக்காமல் பால்கனியின் கோடுகளை இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை நாளும் அவளுடைய சாமர்த்தியமெல்லாம் அந்த மெஷினில் இருக்கிறது என்றும், எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் நானும் போட்டிருப்பேன் என்றும் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானம் அங்கேயே போயிற்று. பொறாமை இன்னும் கூடியது. ஆனால் பொய்யை அதற்குமேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னேன். சேஃப் மோடில் போய்ப் புதிய டிரைவரை முழுக்க நீக்கினேன். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கிப் போட்டேன். மறுபடி தானாக மாறாதபடி அப்டேட்டையும் நிறுத்தினேன். அவள் படத்தை ஓடவிட்டாள். முடிகிற நேரம் நெருங்கியும் திரை கறுக்கவில்லை.

"இது எனக்குச் சனிக்கிழமையே தெரியும்" என்றேன்.

"எதுங்க்கா?"

"கார்டு போகலீன்னு. டிரைவர்தான்னு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் ஏனுங்க்கா சேலத்துக்கு அனுப்புனீங்க?"

"பொறுக்கல சாமி. உன்னைய எல்லாரும் கொண்டாடறது எனக்குப் பொறுக்கல."

படம் முழுதாக வந்து நின்றது. அவள் அதைச் சேமித்துவிட்டு, "அந்தக் கடையில பத்து நாளுன்னதும் அழுதுட்டேனுங்க்கா. எல்லாரும் பாத்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் பொய் சொன்னதை வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. மாமனார் கேட்டபோது அக்காதான் சரி பண்ணிக் கொடுத்தாங்க என்றாள். ஆனால் அதன்பிறகு அந்த லேப்டாப்பை என் அறைக்குக் கொண்டுவந்ததில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கூடத்தில் உட்கார்ந்து அவள் போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். ராசிபுரத்தில் இதே தொழில் செய்யும் ஒரு பெண்ணாம், அவளுக்கும் திரை கறுக்கிறதாம். எந்த நாளில் அப்டேட் ஆனது என்று பார்க்கச் சொன்னாள், சேஃப் மோடுக்கு எப்படிப் போவது என்று சொன்னாள், எதை நீக்குவது, எதை நீக்கக்கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் தானே தேடிப் படித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டதே இல்லை.

சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இடத்திலாவது தப்பாகச் சொல்வாள், போய்த் திருத்தலாம் என்று காத்திருந்தேன். அவள் எங்கும் தப்பாகச் சொல்லவில்லை.