மதினி செய்த டோன்

மேடையில் இசைக்குழு மாஸ்டர் லேப்டாப்பைப் படாரென்று மூடியதை இன்று நினைத்தாலும் என் விரல்கள் மடங்கி இறுகுகின்றன. கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீபோர்டுக்குப் பின்னால் நின்றவர் அண்ணன் மனைவி, என் மதினி. மாஸ்டர் மைக்கை எடுத்து, "பொம்பளை கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா இப்படித்தான். கோவிச்சுக்காதீக" என்றார். பந்தல் சிரித்தது. அண்ணனும் சிரித்தான்.

நடந்ததற்கு மதினி காரணமே இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடியில் மாஸ்டர் நடத்திய மெல்லிசைக் குழுவில் மதினி கல்யாணத்துக்கு முன்பிருந்தே கீபோர்டு வாசித்தார். துள்ளல் பாட்டு வாசிக்க ஆட்கள் பலர் உண்டு. மதினியைக் கூப்பிட்டது 'பேட்' சத்தத்துக்காக. விரலை வைத்ததும் மெல்ல எழுந்து, பாடுகிறவரின் குரலுக்கு அடியில் விரிந்து நின்று, விரலை எடுத்த பிறகும் சற்று நேரம் தங்கி அடங்கும் சத்தம் அது. யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் பாட்டு எலும்பும் தோலுமாகத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து மதினியின் மாமா கொண்டுவந்த பழைய கீபோர்டில் அந்தச் சத்தம் அருமையாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கீபோர்டு ஊமையானது. கட்டைகள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. அவற்றை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, சத்தத்தை ஒரு மென்பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மதினி முடிவு செய்தார்.

அப்போது நானும் செக்காலையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். சமையல் முடிந்ததும் மதினி மாடியறைக்குப் போய் ஒவ்வொரு மென்பொருளாக இறக்கிப் பார்ப்பார். சிலவற்றில் ஆயிரக்கணக்கில் டோன்கள், அதாவது விதவிதமான வாத்தியச் சத்தங்கள், இருந்தன. திறப்பதற்குள் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. கட்டையை அழுத்திய பிறகு சத்தம் ஆடி அசைந்து வந்தது. அவற்றையெல்லாம் அழித்துவிட்டு, திரையில் கொஞ்சம் திருகுகள் மட்டுமே இருந்த ஒரு சின்ன இலவச மென்பொருளில் வந்து நின்றார்.

"இங்குட்டு வாத்தா. ரெண்டே ரெண்டு அலைதான் இதுல. ஒண்ணை லேசா சுதி விலக்கிவிட்டா சத்தம் தடிக்குது பாரு. கூர்மையைக் கொஞ்சம் வெட்டி, மெதுவா எந்திரிக்க விட்டா முடிஞ்சுச்சு."

"பெருசுல நெறைய இருக்கே மதினி?"

"மேடையில நின்னுக்கிட்டுத் தேடவா முடியும்? எனக்கு வேண்டியது ஒரு சத்தம். அது நான் கேட்ட நேரத்துல வரணும்."

என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பழைய கச்சேரிப் பதிவு ஒன்றையும் புது டோனையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். எது பழையது என்று நான் தப்பாகச் சொன்னதும் கையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

மதினி வாசித்துக் காட்டியபோது மாஸ்டர் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். "என்னம்மா இது, கால்குலேட்டர் மாதிரி? பாக்குறவுகளுக்கு ஒரு பிரமிப்பு வேணாமா?" அவருடைய மருமகன் ஒரு பிரம்மாண்டமான மென்பொருளின் திருட்டு நகலைக் கொண்டுவந்து, கொத்தமங்கலம் கச்சேரியன்று மதியம் மதினியின் லேப்டாப்பில் ஏற்றினான். "மாஸ்டர், இந்த லேப்டாப்பு இதைத் தாங்காது. பாட்டுக்கு நடுவுல நின்னுரும்" என்றார் மதினி. "சொன்னதைச் செய்யும்மா" என்று பதில் வந்தது. அவர் சொன்னதைத்தான் மதினி செய்தார். சரணத்தில் திரை உறைந்தது. அழுத்திய சுரங்கள் அடங்காமல் ஊளையிட்டன. பாடகி பாட்டை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் படார். நான் எழுந்தேன். மேடையிலிருந்தே மதினி வேண்டாமென்று தலையசைத்தார்.

வீடு திரும்பும்போது அண்ணன், "நீதான் சூதானமா இருந்திருக்கணும்" என்றான். குழுவிலிருந்து அடுத்த அழைப்பு வரவில்லை. மதினி அமராவதிபுதூருக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில் மாஸ்டரின் மருமகன் பென்டிரைவோடு வந்தான். அந்தச் சின்ன மென்பொருளையும் மதினி செய்து வைத்திருந்த டோன்களையும் அண்ணன் அவனுக்கு ஏற்றிக் கொடுத்தான். நான் சண்டை போட்டேன். "கேட்டாக, குடுத்தேன். என்ன கொறஞ்சுபோச்சு?" என்றான். திரும்பி வந்த மதினி விஷயம் தெரிந்ததும் கீபோர்டைப் போர்வையில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டார்.

பிறகு வருடக்கணக்காக அந்தச் சத்தத்தை ஊர்க் கல்யாணங்களில் கேட்டேன். மாஸ்டரின் விளம்பர வீடியோவில் அதற்குப் பெயர், 'எங்கள் குழுவின் தனி முத்திரை'. வெட்கம் கெட்ட மனிதர்.

போன மாதம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மாஸ்டரே மதினிக்குப் போன் செய்தார். புது லேப்டாப்பில் டோன்கள் திறக்கவில்லையாம். ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டுமாம். மதினி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வாரேன் மாஸ்டர். அன்னைக்கு நின்னுபோனது உங்க மருமகன் ஏத்துனதுன்னு அடுத்த கச்சேரியில மைக்குல சொல்லுங்க. மறுநிமிசம் சரிபண்ணித் தாரேன்."

"பழசையெல்லாம் ஏம்மா கிளறிக்கிட்டு..."

"அப்பச் சரி, வச்சிர்றேன்" என்று மதினி வைத்துவிட்டார்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான். "பெரிய மனுசன் எறங்கி வந்து கேக்குறாரு. போனா என்ன?"

மதினி அவனுக்கு எதிரே போய் நின்றார். "அந்தாளுக்கு நான் யாரோ எவளோ. நீங்களும் பந்தல்ல உக்காந்து சிரிச்சீக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் டோனை எடுத்துக் குடுத்தீக. உங்களுக்கு நான் யாரு?"

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். மதினி சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தார்.

"பதிலைச் சொல்லிட்டுப் போட்டுக்கங்க."

அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் அவனிடம் அதையே கேட்கிறேன்.