உறை மாற்றி வைத்த கசெட்டுகள்

இத்தாலியில் நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டுக்கார அம்மாவுக்கு, எண்பத்தேழு வயது. கண் மங்கவில்லை, காதும் மந்தமில்லை, அதுதான் எனக்கு வினை. போன ஞாயிறு மழை. வெளியே போக வழியில்லாமல் கட்டிலுக்கடியிலிருந்த என் கசெட் பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா ஓர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கித்தாரோடு நிற்கும் ஒரு மீசைக்காரர். பாடிக்கொண்டிருந்ததோ ஒரு பெண். "இவரா பாடுகிறார்?" என்று கேட்டார். விளக்கப் போனால் பொழுது போய்விடும் என்று ஆமாம் என்றேன். "உங்கள் நாட்டு ஆண்களுக்கு என்ன இனிமையான குரல்" என்று வியந்து அடுத்ததை எடுத்தார். அதிலும் மீசைக்காரர், அதிலும் பெண்குரல். "எல்லாருக்குமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

அந்த உறைகளை மாற்றியது நான்தான். தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழேயே சிங்களக் கிராமம். விளையாட்டும் சண்டையும் அவர்களோடுதான். தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலிக்கு வந்த புதிதில், நான்கு சிங்களப் பெண்களோடு ஒரு வீட்டில் ஒண்டினேன். என் பேச்சைக் கேட்டு என்னையும் சிங்களத்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். நாட்டில் யுத்தம் நடந்த காலம். பயமா சௌகரியமா என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, நான் திருத்தவில்லை. மலர்விழி மாலனி ஆனாள். யட்டியாந்தோட்டை பஸாரில் ஆசை ஆசையாகப் பதிந்து வாங்கிவந்த தமிழ்ப் பாட்டுகளை, சிங்கள பைலா ஆட்டப்பாட்டு உறைகளுக்குள் மாற்றி வைத்து, இயர்போன் மாட்டித்தான் கேட்பேன். என்னைப் போல் வந்து ஒண்டியவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து என் அக்காவும் வேலைக்கு வந்தாள், இத்தாலியிலேயே வேறொரு ஊருக்கு. அம்மா போனபின் ரப்பர் பால் வெட்டி என்னை வளர்த்தவள். ஒரு ஞாயிறு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கதவைத் திறந்தால் நெற்றியில் பெரிய பொட்டோடு நிற்கிறாள், கையில் பார்சல். எனக்குப் பின்னால், கூட இருந்தவர்களில் மூத்தவரான குசும் அக்கா சமையலை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கவுத ஓனே?" என்றேன். யார் வேண்டும் என்று, கூடப் பிறந்தவளைப் பார்த்து, சிங்களத்தில்.

அக்காவின் முகம் ஒரு நொடிதான் மாறியது. மாலனி என்று பேர் போட்டுக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன்; ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கும். மாலனி நோனாவுக்கு ஊரிலிருந்து பார்சல் என்று, யாரோ ஓர் அம்மணியிடம் சொல்வதுபோலச் சுத்தமான சிங்களத்தில் சொல்லி, அதை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். உள்ளே இரண்டு புதுக் கசெட்டும் கொஞ்சம் கருவாடும் இருந்தன. ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. அக்கா என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். குசும் அக்காவை நாளுக்கு நூறு தரம் அப்படிக் கூப்பிடுகிறவள், என் அக்காவை ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்.

அந்த வீட்டை விட்டு நான் கிளம்பிய அன்று, குசும் அக்கா கூச்சத்தோடு ஒரு வெற்றுக் கசெட்டை நீட்டினார். நீல உறைக்குள் இருக்கிற தமிழ்ப் பாட்டில் மூன்றாவதைப் பதிந்து தர முடியுமா என்று கேட்டார். நான் வேலைக்குப் போனபின் அதைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பார்களாம். "சொல்ல உனக்கு இஷ்டமில்லைன்னு நாங்களும் கேக்கல, நங்கி" என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. பிறகு யாருக்காக என் அக்காவை வாசலோடு அனுப்பினேன்?

அக்கா ஊருக்குத் திரும்பிப் பல வருடமாகிவிட்டது. அந்த ஞாயிறைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் தோட்டத்துக் கதைக்குப் போய்விடுவாள். சிஞ்ஞோரா உறைகளைப் பார்த்த அன்று அவளுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், எப்போதும்போலச் சிங்களத்தில்தான் தொடங்கினாள்.

"மாலனி நோனாத?"

"நான்தாங்க்கா."

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாருமில்லக்கா. கெழவியம்மா மட்டுந்தான். அவங்களுக்கு நம்ம ரெண்டு பாஷையும் தெரியாது."

அதற்குப் பிறகுதான், அப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மலரு, சாப்பிட்டியா புள்ள?" என்று தமிழில் கேட்டாள்.