ஆறு மூடி வைத்த பள்ளம்

வெயில் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஓர் ஆற்றைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வெள்ளத்தில் ஆறு பாலத்துத் தூண்களின் காலடியை எப்படித் தோண்டுகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்ப்பதுதான் புனேயில் எனக்குச் சோறு போட்ட வேலை. அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நண்பரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நண்பர் என்ற சொல்லை எழுதும்போதே மனசு கசக்கிறது.

தொண்ணூறுகளில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கெட்டிக்காரர். என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவார்; அவளுக்கு அவர் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வாரம் முழுக்க இந்தியிலும் மராத்தியிலும் குப்பை கொட்டிவிட்டு, ரசம் சாதத்தோடு தமிழில் வம்பளப்பது எங்கள் இருவருக்குமே வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தின் பெரிய கொட்டகையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, மணல் பரப்பி, சின்னதாக ஓர் ஆறு செய்து வைத்திருந்தோம். நடுவே மரத்தில் செய்த பாலத்தூண். வால்வைத் திறந்து வெள்ளம் விட்டால் தூணைச் சுற்றிப் பெரிய பள்ளம் விழும். வால்வை மெதுவாக மூடினால், வடிகிற தண்ணீரே மணலைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். எல்லாம் வடிந்த பிறகு பார்த்தால் தரை சமமாக இருக்கும்.

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்வோம். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது பள்ளத்துக்குள் செங்கல் பொடியைத் தூவுவோம். தண்ணீர் வடிந்ததும் மணலைக் கொத்துக்கரண்டியால் வெட்டினால், ஆழத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். பள்ளம் அதுவரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவர் கைதட்டிச் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, இத்தனை வேலையும் பண்ணிட்டு மூஞ்சிய எப்படி வெச்சிருக்குது பாருங்க!"

அதற்குப் பிறகு கொட்டகைக்கு யார் வந்தாலும் இந்த வித்தையைக் காட்டாமல் அனுப்பமாட்டார். வெயில் காலத்து ஆற்று மட்டத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள், மேலே கிடப்பது நேற்று வந்த மணல், அதற்கு அடியில் கம்பியை இறக்கிப் பாருங்கள் என்று மராத்தியில் வகுப்பே எடுப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு புனேயிலேயே கராடியில் ஒரு தனியார் ஆலோசனைக் கம்பெனிக்குப் போனார். வாகட்டில் பிளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சியது என் மனைவிதான்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே போசரியைத் தாண்டி ஒரு பாலத்தை ஆராயும் வேலை எனக்கு வந்தது. அதன் மேல்தான் என் மனைவி தினமும் பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வருவாள். அக்கரைப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ஆராய்ந்து பார்த்ததில், பெருவெள்ளம் வந்தால் நடுத்தூணின் அடித்தளம் வரைக்கும் மண் அரித்துப் போகும் என்று தெரிந்தது. தூணைச் சுற்றிப் பெரிய பாறைகளைப் போட வேண்டும், போடும்வரை வெள்ள நாட்களில் வண்டி விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

பாலம் கட்டிய காண்டிராக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரிகள் போட்ட கூட்டத்துக்குத் தன் பக்கம் ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிபுணர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நல்ல மே மாத வெயில். நண்பர் வரைபடத்தை விரித்தார். போன வாரம் அளந்தோம், பாலம் கட்டியபோது இருந்த மட்டத்திலேயே ஆற்றுப்படுகை இருக்கிறது, பள்ளம் என்று எதுவுமே இல்லை என்றார்.

"அங்க இருக்கிற மணல் பழசா, புதுசா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கூட்டத் தலைவரைப் பார்த்தார். "மணல் மணல்தானே சார்" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் பரிந்துரை அந்தச் சிரிப்போடு போயிற்று.

வெளியே டீ குடிக்கும்போது என் தோளில் கை போட்டார். "தப்பா நினைக்காதீங்கண்ணா. நீங்க எப்பவுமே கொஞ்சம் பயந்து பயந்துதான் கணக்குப் போடுவீங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இருந்தாலும், வெட்கங்கெட்ட மனசு அவருக்குச் சாக்குத் தேடியது. கம்பெனி உத்தியோகத்தில் கையில் மண் பட்டே பல வருஷம் ஆகியிருக்கும், நிஜமாகவே அப்படி நம்புகிறாரோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வீட்டில் என் பேச்சு அதைவிட மோசமாகத் தோற்றது. மழைக்காலம் முடியும்வரை லீவு போடு என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

"தம்பியே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாராம்ல? அவருக்குத் தெரியாதா? நீங்க சும்மா பயமுறுத்தாதீங்க" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு வாரம் விடாமல் மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். அன்று காலை எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அவள் பஸ் ஏறிவிட்டாள். நான் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான்.

"அண்ணா, ஆத்துல தண்ணி ரொம்ப ஜாஸ்தியாம். அண்ணிய இன்னைக்கு மட்டும் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க."

அப்படியானால் இவருக்குத் தெரியும். கூட்டத்தன்றும் தெரியும்.

"அவ போயாச்சு. நீரே அதிகாரிகளுக்கு போன் போட்டு வண்டிய நிறுத்தச் சொல்லும்" என்று கத்தினேன்.

"அது எப்படிங்கண்ணா முடியும்? நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

போனை வைத்துவிட்டு அதிகாரிகளை நானே கூப்பிட்டேன். பாலத்துக்கு ஆபத்து இல்லை என்று நிபுணர் அறிக்கை இருக்கிறதே சாஹேப் என்றார்கள்.

மதியம் நடுத்தூண் இறங்கியது. கைப்பிடிச் சுவர் வளைந்திருப்பதைக் கண்ட ஒரு லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்தார். அதனால் யாரும் சாகவில்லை. பள்ளிக்கூட பஸ் எங்கெங்கோ சுற்றி, இருட்டுகிற நேரத்தில் என் மனைவியைக் கொண்டுவந்து விட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவளிடம் காலையில் வந்த போனைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா, தம்பிக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை!"

"பஸ்ல உன் பக்கத்துல யார் இருந்தா?"

"மராத்தி டீச்சர். கைக்குழந்தையோட வந்தா. ஏன்?"

"அவ வீட்டுக்கு அவர் போன் பண்ணல."

அவள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து காலிங் பெல்லை அடித்தபோது, நான் எழுந்திருப்பதற்குள் அவளே போய் உள்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்தாள்.