அண்ணனுக்கு ஞாபகமில்லாத கோல்

எங்கள் காலனியில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தக் கோலைப் பற்றிச் சொல்வார்கள். ஃபைனல் மேட்ச். ஆளுக்கு ஒரு கோலில் நின்றிருந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கார்னரிலிருந்து வந்த பந்தைப் பாய்ந்து தலையால் முட்டி உள்ளே தள்ளியது என் அண்ணன். அதைப் பார்த்த அத்தனை பேருக்கும் அது நேற்று நடந்தது போல இருக்கிறது. அடித்த அண்ணனுக்கு மட்டும் அது ஞாபகத்தில் இல்லை.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு ஓரிக்கைக்குப் போகிற சாலையை ஒட்டிய காலனியில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலைக்கான தேர்வை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எங்கள் காலனி டீமின் சென்டர் ஃபார்வர்ட்.

அந்த டீமுக்கு என்னையும் பக்கத்து வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரையும் விடப் பெரிய ரசிகர்கள் கிடையாது என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். யாருக்கு என்ன நம்பர் பனியன், யார் இடதுகால்காரர், யார் தோற்றால் அழுவார் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியும். எப்போதும் எதிர் டீம் கோல்போஸ்டுக்குப் பின்னால்தான் உட்காருவோம், எங்கள் கோல் அங்கேதானே விழும் என்று. அப்பா ரசித்தது வேறு மாதிரி. அவருக்கு ஆஃப்சைடு தெரியாது, ஃபவுல் தெரியாது. மில்லிலிருந்து தலையில் தவிட்டுத் தூசியோடு நேராக மைதானத்துக்கு வந்து கோட்டோரம் நின்று, பந்து எங்கே இருந்தாலும் "அடிடா, அடிடா" என்று கத்திக்கொண்டிருப்பார். அண்ணன் காலுக்குப் பந்து வந்துவிட்டால் சத்தமே வராது. அவர் வாய் மட்டும் திறந்திருக்கும்.

அந்த ஃபைனலில் எதிரே நின்றது பட்டு நெசவுத் தெருப் பையன்களின் டீம். அவர்களிடம் நாங்கள் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்தோம். அந்தத் தோல்வி மைதானத்தோடு நின்றுவிடாது. மறுநாள் கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டில், சலூனில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கால்பந்து மட்டும் இருக்காது. அதனால் அன்றைக்கு எங்கள் காலனியில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். மதியப் பூசை முடித்த பாதிரியார்கூடக் குடையோடு வந்து நின்றார்.

அவர்களுடைய கோல்கீப்பர் நெட்டையான ஆள். நெற்றியில் வியர்வையில் பாதி கலைந்த விபூதி. அன்று அவர் எத்தனை பந்தைப் பிடித்தார் என்று சொல்ல முடியாது. அவர் முதுகைப் பார்த்தபடி நாங்கள் மூன்று பேரும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தோம். ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கடைசி கார்னர் வலது பக்கத்திலிருந்து வந்தது. நான் போஸ்டுக்கு நேர் பின்னால் இருந்தேன், எனக்குச் சந்தேகமில்லை. அண்ணன் எல்லோருக்கும் பின்னாலிருந்து ஓடி வந்தான். பந்து தாழ்ந்து வந்தது. காலை நீட்டினால் எட்டாது என்று தெரிந்ததும் அப்படியே உடம்பைத் தூக்கிப் போட்டான். பந்தில் அவன் நெற்றி பட்டதையும் பந்து வலையில் விழுந்ததையும் பார்த்தேன். அதற்கு அடுத்த கணம் அவன் தலையின் பக்கவாட்டு இரும்புப் போஸ்டில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கும் கோல்கீப்பருக்கும் மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். மற்ற எல்லோரும் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

ரெஃப்ரி விசில் ஊதினார். கூட்டம் உள்ளே ஓடி வந்தது. அண்ணனிடம் முதலில் வந்து சேர்ந்தது அப்பா. கோட்டோரத்திலிருந்து அவ்வளவு தூரம் அவர் எப்படி அத்தனை வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து, ஒரு மூட்டையைத் தூக்குவது போல ஒரே வீச்சில் அண்ணனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் மற்றவர்கள் காலைப் பிடித்தார்கள், இடுப்பைப் பிடித்தார்கள். மேளம் அடித்தார்கள். அப்பா ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அண்ணனுடைய கை அப்பாவின் முதுகில் தொங்கி ஆடியது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"அப்பா, அண்ணன் கண்ணு ஒரு மாதிரி இருக்குதுப்பா" என்று நான் கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்தக் கோல்கீப்பர்தான் கூட்டத்துக்குள் புகுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "எறக்குங்கண்ணே, எறக்குங்க, அவனுக்கு அடிபட்டிருக்குது" என்றார். தோற்ற கோபத்தில் சண்டைக்கு வருகிறார் என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிட்டார்கள். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். விழுந்தார். எழுந்து மறுபடி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் அப்பா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கையில் ரத்தம். அண்ணனின் காதிலிருந்து வந்த ரத்தம்.

மேளம் நின்றதும் மைதானம் மொத்தமும் ஒரே சமயத்தில் அடங்கியது.

பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். பல நாள் கழித்து அண்ணன் கண் விழித்து அம்மாவிடம் கேட்டது, "டீம் கெளம்பிட்டாங்களாம்மா?" என்று. ஃபைனல் இனிமேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அன்று காலையில் ஷூவுக்கு நாடா மாற்றியது வரை ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அது திரும்பி வரவும் இல்லை.

டாக்டரிடம் அப்பா கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நாங்க தூக்குனதாலயா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. போஸ்ட்ல பட்ட அடியே பலமான அடி. பொதுவா தலையில அடிபட்டவங்கள அசைக்காம வச்சிருக்கிறது நல்லது."

டாக்டர் சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "அவன்கிட்ட சொல்லாத." அம்மா அதை என்னிடம் சொன்னார். காலனியிலும் யாரும் சொல்லவில்லை. யாரும் கட்டுப்பாடு போடவில்லை. அந்தக் கதையில் அந்தப் பகுதி யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லோரும் கோலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த சில மாதத்தில் அண்ணனுக்கு வலிப்பு ஆரம்பித்தது. வேலைத் தேர்வுக்குப் போக முடியவில்லை. மாத்திரையில் கொஞ்சம் அடங்கியதும் ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஒருநாள் ஸ்டாப்பில் ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். வண்டி நின்றிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓனர் நல்லவர், ஆஸ்பத்திரிக்கு அவரே வந்தார். வரும்போது இன்னொரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டு வீட்டுக்கும் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஏனாத்தூரில் காலேஜ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறான். அம்மாவோடு இருக்கிறான். நான் அடுத்த தெருவில்.

அவன் எங்கே போனாலும் அந்தக் கோல் அவனைப் பிடித்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில்கூட. "எப்பா, அந்த ஹெட்டர்!" என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பத்தில் அவனுக்கு அது பிடித்திருந்தது. நிறைய கேள்வி கேட்பான். பந்து எவ்வளவு உயரத்தில் வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒருவர் இடது கார்னர் என்பார். ஒருவர் அன்றைக்கு மழை தூறியது என்பார். போகப் போக அவன் கேட்பதை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். மேட்ச் நடந்தபோது பிறக்காதவர்கள்கூட அவனிடம் அதை விவரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா ஒரு தடவைகூட அந்தக் கோலைப் பற்றிப் பேசவில்லை. மைதானத்துப் பக்கம் போகவில்லை. அண்ணனுடைய மாத்திரையை மட்டும் தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். அண்ணன் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அம்மாவிடம் சொல்வார், "அவன சாப்ட சொல்லு" என்று, அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. கடைசியில் நெஞ்சுச் சளியில் படுத்தவர் எழவே இல்லை. தவிட்டுத் தூசி என்றார்கள். அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து துடைத்து, உடை மாற்றி எல்லாம் செய்தான். அப்போதும் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம்தான் வைத்திருந்தார் என்று அண்ணன் ஒருமுறை சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான்.

போன கிறிஸ்துமஸ் லீவில், பழைய ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அண்ணனுக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். மைதானத்தில் பாதி இப்போது கல்யாண மண்டபம். அந்த மண்டபத்திலேயே, காலை வேளையில். வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். என்னோடு போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்த அக்காவும் தங்கையும் வந்திருந்தார்கள். எதிர் டீம் கோல்கீப்பரையும் கூப்பிட்டிருந்தார்கள். தலை முழுக்க நரைத்து, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக மைக்கில் வந்து தான் பார்த்த கோலைச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு தங்கள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவன் அதை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க எல்லாரும் பாத்தீங்க. நான்தான் பாக்கல. எனக்கு ஒண்ணு தெரியணும். யாரும் அதச் சொன்னதே இல்ல. கோல் போட்டப்புறம் என்ன தூக்கிக்கினு ஆடுனாங்கன்னு சின்னப் பையன் ஒருத்தன் சொன்னான். அவங்கப்பா சொன்னாராம். யாரு தூக்குனது?"

"எல்லாரும்தான்பா தூக்குனோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் கை தட்டினார்கள்.

"மொதல்ல யாரு?"

கோல்கீப்பர் தரையைப் பார்த்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஏற்பாடு செய்தவர் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்று அறிவித்தார்.

மறுநாள் காலையில் அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"அப்பாதாண்ணா" என்றேன்.

அவன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். நான் முழுவதையும் சொன்னேன். ஆடியதை, கோல்கீப்பரைத் தள்ளியதை, கழுத்து ரத்தத்தை, டாக்டர் சொன்ன மூன்று வாக்கியத்தையும்.

"அவரு சந்தோஷமா இருந்தாரா?"

"ஆடுனாருண்ணா. நான் அவர அப்டி பாத்ததே இல்ல."

"வேலைக்குப் போவல, ஒண்ணுத்துக்கும் ஒதவாம போய்ட்டேன்னு என்மேல வெறுப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கடைசி வரைக்கும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அவன் பட்டனைப் போட்டு முடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அதற்கப்புறம் யாராவது அவனைத் தெருவில் நிறுத்தி அந்தக் கோலைச் சொல்ல ஆரம்பித்தால் அவன் பாதியில் நிறுத்துகிறான். "எங்கப்பா எந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தாரு? என்னா சொல்லி கத்துனாரு?" என்று கேட்கிறான். அவர்கள் யோசித்துப் பார்க்கிறார்கள். அன்றைக்கு யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.