ஷூவுக்குள்ள இல்லாத சாவி

எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அரியர். சி புரோகிராமிங் லேப். ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. ஓசூர்ல வேலை தயாரா இருக்கு, ஆனா அரியர் இல்லாம வந்தாத்தான் சேர்த்துக்குவோம்னு ஆர்டர்லயே போட்டிருந்தாங்க. இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா வேலை அம்போ.

பரீட்சை அன்னைக்குக் காலையில பேனா வாங்கக் கடைக்குப் போயிட்டு வந்தா, ஊடு பூட்டிக் கெடக்குது. ஹால் டிக்கெட் உள்ள. அப்பாவும் அம்மாவும் குச்சிக்கிழங்கு புடுங்கக் காட்டுக்குப் போயாச்சு. அக்கா ராசிபுரத்துப் பட்டுச்சேலைக் கடைக்கு வேலைக்குக் கெளம்பிட்டா. எங்க ஊட்டுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி, நாலு ஆளு. கடைசியாப் போறவங்க வாசல்ல கெடக்கிற அப்பாவோட பிஞ்சுபோன ஷூவுக்குள்ள சாவியைப் போட்டுட்டுப் போகணும். கையை உட்டுத் துழாவுனேன். மண்ணுதான் வந்துச்சு.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "ஓ, அதுவா? நாயி ஷூவைக் கவ்விட்டுப் போயிருதுன்னு பாத்ரூம் ஓட்டுக்கடியில வெச்சேன்"ங்கிறா, சாவகாசமா!

எனக்கு வந்துச்சே கோபம். "நீ மாத்தி வெச்சது உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? தேடுறவளுக்கு யாரு சொல்லுவா, நாயா சொல்லும்?"

"கத்தாம பஸ்ஸைப் புடி சாமி"ன்னு வெச்சுட்டா. ஓட்டை நீக்கி, பூட்டைத் திறந்து, ஹால் டிக்கெட்டைப் பையில திணிச்சு, மறுபடி பூட்டி, ஓட்டமா ஓடி சேலம் பஸ்ஸுல தொத்திக்கிட்டேன்.

லேப்ல வந்த கேள்வி சின்னதுதான். ஒரு லிஸ்ட்டோட ஆரம்பத்துல புது எண்ணைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன் எழுதணும். கடகடன்னு அடிச்சு ஓட்டுனேன். தப்புன்னு மெஷின் ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா லிஸ்ட் காலி. ஃபங்ஷனுக்குள்ளயே அச்சிட்டுப் பார்த்தா பத்துங்கிற எண் ஜம்முன்னு இருக்கு. அதைக் கூப்பிட்ட மெயின் புரோகிராமுக்குத் திரும்பி வந்தா ஒண்ணுமில்லை. "வெச்ச பத்தை எங்க கொண்டுபோய்த் தொலைச்சே?"ன்னு மானிட்டரைத் திட்டுனேன். ரெண்டு மணி நேரம் போயிருச்சு. ஓசூர் கண்ணு முன்னாடி கரையுது.

திடீர்னு காலையில நான் அக்காகிட்டக் கத்துனது காதுல கேட்டுச்சு. நீ மாத்துனது உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?

அடக் கடவுளே! பாயிண்டர்னா என்ன, பொருள் எங்க இருக்குங்கிறதை எழுதி வெச்சுக்கிற ஒரு இடம். அதை ஃபங்ஷனுக்குக் குடுத்தா, போறது அதோட நகல்தான். ஃபங்ஷன் புது இடத்தைத் தன் நகல்ல எழுதிக்கிட்டுப் போயிருது. மெயின் பாவம், இன்னும் பழைய ஷூவுக்குள்ளயே துழாவிக்கிட்டு நிக்குது. எங்கக்காவேதான் அந்த ஃபங்ஷன்! சிரிப்பை அடக்க முடியலை, வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குனேன். மெயினோட பாயிண்டர் இருக்கிற விலாசத்தையே ஃபங்ஷனுக்கு அனுப்புனேன். உள்ள பாயிண்டருக்குப் போடுற ஒரு நட்சத்திரக் குறியை ரெண்டாக்கி, மெயின் எழுதி வெச்சிருக்கிற இடத்துலயே புது இடத்தை எழுத வெச்சேன். ஓட்டுனேன். பத்து வந்துச்சு!

வெளியூர்க் காலேஜ்ல இருந்து வந்த எக்ஸாமினர் சார் குனிஞ்சு பார்த்தார். "ரெண்டு நட்சத்திரம் எதுக்கும்மா?"

"எங்கக்கா ஒருத்தி இருக்காங்க சார்"னு ஆரம்பிச்சு, ஷூ, நாய், ஓடு எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஓசூர் வேலையையும் சேர்த்துத்தான். அவர் கண்ணாடியைக் கழட்டிச் சிரிச்சார்.

"சரி, இப்ப சாவி எங்க இருக்கு?"

"ஷூவுக்குள்ளதானுங்க சார்!" பட்டுன்னு சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுட்டு, "பாஸ்தாம்மா, போய் வேலையில சேரு"ன்னார்.

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் இளிச்சுக்கிட்டே வந்தேன். அணைச்சு வெச்ச ஃபோனைப் போடக்கூடத் தோணலை. ஊட்டுக்கு வந்தா, மூணு பேரும் வாசப்படியில உக்காந்திருக்காங்க. அப்பா கையில ஷூ கவுந்திருக்கு. பாத்ரூம் ஓடு அத்தனையும் கீழ கெடக்குது. உடம்பெல்லாம் கிழங்குக்காட்டு மண்ணோட அம்மா முறைச்சுது.

அக்கா எந்திரிச்சு இடுப்புல கையை வெச்சா. "ஏன்டி, நீ மாத்துனது உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

"எனக்கே தெரியாதுக்கா"ன்னு பைக்குள்ள கையை உட்டேன். டிஃபன் பாக்ஸுக்கு அடியில சாவி.

"அக்கா, நான் பாஸ். ஓசூர் போறேன்."

அடிக்க ஓங்குன கை அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கிச்சு. அழுவுறாளா சிரிக்கிறாளான்னு தெரியலை. அம்மாவும் மண்ணோட வந்து சேர்ந்துக்கிச்சு. அப்பா ஷூவைத் தட்டித் தட்டி ஊரையே கூப்பிட்டார். பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து விசாரிச்சுட்டுப் போனதுக்கப்புறமும் நாங்க வாசல்லயேதான் நின்னுட்டிருந்தோம். சாவி என் கையிலயே இருந்துச்சு, கதவைத் திறக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை.