எல்லா வரியிலும் ‘விற்றது’

என் நிரலில் இருந்த பிழையை மூன்று வாரம் மூடி மறைத்தது தேயிலையின் கேடுகெட்ட விலைதான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஏல நாளில் எந்தச் சரக்கு விற்றது, எது தங்கியது என்று சாலையோர ஜன்னலில் ஒரு பழைய கணினி காட்டும். அதற்கான நிரலை எழுதியவள் நான். சரக்கு எண்ணைக் கணினியே எழுதிவிடும். பக்கத்தில் வரும் ‘விற்றது’, ‘விற்கவில்லை’ என்ற தமிழ்ச் சொற்கள் மட்டும் படங்கள். புது வரி மேலே வரும்போது பழைய படங்களைத் திரை நினைவகத்தில் ஒரு வரி கீழே நகலெடுத்துத் தள்ள வேண்டும். அந்த ஆமைப் பெட்டியில் அசெம்பிளி மொழியில் எழுதினால்தான் வேலைக்கு ஆகும். எழுதினேன், ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரங்களில் தேயிலையைக் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்க ஆளில்லை. எல்லா வரியும் ‘விற்கவில்லை’. அப்பா வேலை பார்த்த பாக்டரியின் கிடங்கு நிரம்பி, பாக்டரியை மூடியிருந்தார்கள். கிடங்குச் சரக்கு போனால் திறப்பார்கள்; போகாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போவதென்று அம்மாவும் அவரும் முடிவெடுத்திருந்தார்கள். ஏல நாள் தவறாமல் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்.

நான்காம் வாரம் யாரோ ஒருவரின் சரக்கு விற்றது. அதற்கு அடுத்தது வந்ததும், கீழே இருந்த அத்தனை வரியும் ‘விற்றது’ என்று மாறின. அப்பாவுடைய பாக்டரியும் அதில் உண்டு. அவர் மப்ளரைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரின் தோளில் அடித்துச் சிரித்தார். இன்னொரு சரக்கு வந்தது. எல்லாம் மறுபடி ‘விற்கவில்லை’. அப்பா மப்ளரைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று மாலையே நிரலை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்த்தேன். நகலெடுப்பது மேலிருந்து தொடங்கியது. முதல் வரி இரண்டாவதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்தது. பிறகு மூன்றாவதற்குப் போனதும் அந்த முதல் வரிதான். கடைசி வரியைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். திசையைத் திருப்பும் கட்டளையைப் போட்டேன், நகல் தொடங்கும் நினைவக முகவரியை மாற்ற மறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். முகவரியைக் கடைசி வரியின் கடைசிப் பைட்டுக்குக் கொண்டுபோனதும் சரியானது. முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் நான் சோதித்ததெல்லாம் ‘விற்கவில்லை’யை வைத்துத்தான். வேறொரு சொல் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நான் வெளியே அப்பாவோடு நின்றிருந்தபோது அவருடைய பாக்டரியின் எண் மேலே வந்தது. பக்கத்தில் ‘விற்றது’. அப்பா சிரிக்கவில்லை.

“ஏனம்முணி, நெசமாலுமே வித்துருச்சா, இல்ல இதும் உம்பட பொட்டி பண்ற வேலையா?”

மேல் வரி எப்போதும் பொய் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கப்பா என்றேன்.

அடுத்த சரக்கு, ‘விற்கவில்லை’. அதற்கடுத்ததும் ‘விற்கவில்லை’. எங்கள் வரி மூன்றாவது இடத்துக்கு இறங்கியது, மாறாமல். யாரோ இரண்டு பேருடைய தேயிலை தங்கிப்போனதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

“வித்துருச்சுங்கப்பா,” என்றேன்.

அவர் மப்ளரைக் கழற்றினார்.